ஹாஸ்டல் பூட்டு யாருக்காக?

போன மாதம் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது 11 படிவங்களில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பத்தை வாசிக்காமலே போட்டுவிட்டேன். கடைசிப் படிவத்தில்தான் கை நின்றது. மாணவியர் விடுதிக்கான ஒப்புதல் படிவம் அது. வாசலில் முகத்தை அடையாளம் காணும் கருவி இருக்கும், மாணவி உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் பெற்றோரின் மொபைலுக்கு மெசேஜ் வரும், மாலை 6.30-க்குக் கேட் மூடப்படும், இதற்கெல்லாம் எனக்குச் சம்மதம். கீழே, 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்'.

மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அப்பா, நான் கேட்டைத் தாண்டிட்டேன்னு ராத்திரி உங்களுக்கு மெசேஜ் வருதுன்னு வைங்க. நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

சட்டென்று பதில் வரவில்லை. இத்தனைக்கும் கதவுகள் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அலுவலகக் கட்டடங்களின் கதவுக் கட்டுப்பாட்டு மென்பொருளில் 3 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது: உள்ளே வருகிறவரிடம் ஆயிரம் கேள்வி கேள், வெளியே போகிறவரைத் தடுக்காதே. தீப்பிடித்தால் கார்டு தேடிக்கொண்டு யாரும் நிற்க முடியாது. ஹாஸ்டல் கேட்டில் மட்டும் இது ஏன் தலைகீழாக இருக்கிறது? இந்தக் கேள்வியோடு ஒரு மாதம் பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் படித்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக் கடைக்காரர் போட்ட வழக்கு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி என்று ஒன்று உண்டு. கல்லூரிக்கு எதிரே காட் என்பவர் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கல்லூரிக்குச் சொந்தமில்லாத சாப்பாட்டுக் கடைகளுக்கு மாணவர்கள் போகக் கூடாது என்று கல்லூரி விதி போட்டது. மீறிய சில மாணவர்களை வெளியேற்றியும் விட்டது. வியாபாரம் படுத்துப்போன காட் வழக்குப் போட்டார். 1913-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. கல்லூரி பெற்றோரின் இடத்தில் இருக்கிறது, ஒழுக்கம், உடல்நலம், படிப்பு விஷயத்தில் பெற்றோர் என்ன விதி போடலாமோ அதைக் கல்லூரியும் போடலாம் என்றது நீதிமன்றம். 'இன் லோக்கோ பேரன்டிஸ்' என்று லத்தீனில் சொல்லும் கோட்பாடு இதுதான். அடுத்த அரை நூற்றாண்டு அமெரிக்க ஹாஸ்டல்கள் இதை வைத்துத்தான் நடந்தன. மாணவியருக்கு இரவு நேரக் கட்டுப்பாடு, கையெழுத்து ரெஜிஸ்டர், தாமதத்துக்குத் தண்டனை எல்லாம் இருந்தது. மாணவர்களுக்கு அந்தக் கெடுபிடி பெரும்பாலும் கிடையாது.

இன்றைக்குக் கேட்க எரிச்சலாக இருந்தாலும், அன்றைக்கு இதில் ஒரு சட்ட நியாயம் இருந்தது. இங்கிலாந்தில் அப்போது ஒருவர் சட்டப்படி மேஜராகும் வயது 21. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் அப்படித்தான். ஆக, கல்லூரியில் படித்தவர்களில் பெரும்பாலோர் மைனர்கள். மைனருக்கு யாராவது பாதுகாவலர் வேண்டும், பெற்றோர் பக்கத்தில் இல்லை, அதனால் கல்லூரி அந்த இடத்தில் உட்கார்ந்தது.

அந்தத் தரையே பிறகு நகர்ந்துவிட்டது. 1961-இல் டிக்சன் வழக்கில், உள்ளிருப்புப் போராட்டம் தொடர்பாக வெளியேற்றப்பட்ட கறுப்பின மாணவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அரசுக் கல்லூரி ஒரு மாணவரை விசாரணை இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று ஆனது. இங்கிலாந்து 1969-இல் சட்டம் போட்டு மேஜர் வயதை 18 ஆக்கியது. 1970-களில் அமெரிக்க மாநிலங்களும் அதே வழியில் போயின. மாணவர் மேஜர் ஆனதும் கல்லூரிக்குப் 'பெற்றோர்' வேலை போய்விட்டது. நேரக் கட்டுப்பாடுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன.

நம் கணக்கில் ஒரு வேடிக்கை

இந்தியாவில் மேஜர் வயது எப்போது 18 ஆனது என்று நண்பர்கள் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர் 1989 என்றார்கள். அது ஓட்டுரிமை வயது 21-இலிருந்து 18-க்கு இறங்கிய வருடம். மேஜர் வயதை 18 என்று வைத்தது 1875-ஆம் வருடத்து இந்திய மேஜர் வயதுச் சட்டம். நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்தவர்களுக்கு மட்டும் 21 என்று ஒரு விதிவிலக்கு இருந்தது, அதுவும் 1999-இல் போய்விட்டது.

அதாவது இங்கிலாந்துக்கு 94 வருடம் முன்பே நம் ஊரில் 18 வயது மாணவி சட்டப்படி முழு மனுஷி. ஆனால் விடுதி விதிகள் மட்டும், 21 வயது வரை பிள்ளைகளை மைனராக வைத்திருந்த ஊரின் வாசனையோடே இருந்தன. அங்கே அந்த விதிகள் போன பிறகும் இங்கே போகவில்லை.

முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சகோதரி சுப்புலட்சுமி 1912-இல் சென்னையில் விதவைப் பெண்களுக்காகத் தொடங்கிய இல்லம், பிறகு ஐஸ் ஹவுஸில் இயங்கியது. 1914-இல் இன்றைய ராணி மேரி கல்லூரி, 1915-இல் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி வந்தன. வீட்டு வாசலையே தாண்டாத பெண்ணை அனுப்பச் சொல்லிப் பெற்றோரைக் கேட்கும்போது, 'எங்கள் வாசலும் பூட்டியிருக்கும்' என்ற உறுதிமொழி இல்லாமல் அன்றைக்கு எத்தனை பேர் அனுப்பியிருப்பார்கள்? படிப்புக்குக் கொடுத்த விலை அந்தப் பூட்டு. அங்கே வந்தவர்களில் பலர் உண்மையிலேயே சிறுமிகள். நூறு வருடம் கழித்தும் அதே விலையைக் கேட்பதுதான் எனக்கு உதைக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2002. நான் பி.இ. கடைசி வருடம், தங்கை வேறொரு கல்லூரியில் முதல் வருடம். ஊருக்கு வந்துவிட்டு ஞாயிறு மதியம் பஸ் ஏறினாள். வழியில் பஸ் பிரேக்டவுன். ஹாஸ்டல் வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி 8.10. கேட் மூடும் நேரம் 6.30. வார்டன் சொல்லாமல் திறக்க முடியாது என்றார் வாட்ச்மேன், வார்டனோ ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலை ஓரத்தில் பையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாதான், "இங்க வந்து உக்காரு கண்ணு" என்று ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். மறுநாள் மன்னிப்புக் கடிதம், அப்பாவுக்குப் போன். அப்பா அவளிடம் கேட்டது, "ஏம்மா, முன்னாடி பஸ்ஸப் புடிச்சிருக்கலாமல்ல?"

அதே ஞாயிறு இரவு நான் செகண்ட் ஷோ பார்த்துவிட்டு ஒரு மணிக்கு ஹாஸ்டலுக்கு நடந்து வந்தேன். வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருந்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவளை இருட்டிலிருந்து காப்பாற்றப் போட்ட கேட், அவளை இருட்டிலேயே நிற்க வைத்தது. அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. அப்பா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன்.

பூட்டு காப்பாற்றிய கதையும் உண்டு

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரின் மகன் அவர். குற்றவாளி வெளியாள் இல்லை, அதே கல்லூரியின் சீனியர் மாணவர். கீழ் நீதிமன்றம் தண்டித்து, உயர் நீதிமன்றம் விடுவித்து, கடைசியில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. எத்தனை மணிக்குக் கேட் மூடியிருந்தாலும் இந்தக் கொலையைத் தடுத்திருக்க முடியாது. ஆபத்து கேட்டுக்கு உள்ளேயே இருந்தது.

இதன் பிறகு வந்த 1997-ஆம் வருடத்து தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கேட்டைப் பற்றிப் பேசவில்லை. ராகிங் செய்தால் 2 வருடம் வரை சிறை, கல்லூரியிலிருந்து நீக்கம் என்றது. அதைவிட முக்கியம், புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்றது. பொறுப்பை மாணவர் தலையிலிருந்து எடுத்து நிர்வாகத்தின் தலையில் வைத்த சட்டம் அது.

நான் ஹாஸ்டலில் சேர்ந்தது 1998-இல். எங்கள் கல்லூரியில் ஃபிரஷர்களுக்குத் தனி பிளாக். ராத்திரி அதைப் பூட்டுவார்கள், வார்டன் இரண்டு தடவை சுற்றி வருவார். சீனியர்கள் வெளியே நின்று கதவைத் தட்டிய இரவுகள் உண்டு. அந்தப் பூட்டுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். அதனால்தான் 'எல்லாக் கட்டுப்பாடும் அடக்குமுறை' என்று என்னால் எழுத முடியவில்லை. அந்தப் பூட்டு ஆபத்தானவர்களை வெளியே நிறுத்தியது. தங்கையின் ஹாஸ்டல் பூட்டு அவளையே வெளியே நிறுத்தியது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இரும்புதான்.

இதே வித்தியாசத்தை இன்னொரு பெற்றோர் எவ்வளவு பெரிய துக்கத்தில் கண்டுகொண்டார்கள் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டேன். 1986 ஏப்ரலில், பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளரி என்ற 19 வயது மாணவி தன் ஹாஸ்டல் அறையிலேயே கொல்லப்பட்டார். கொன்றவர் அதே பல்கலைக்கழக மாணவர். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை வேறு மாணவர்கள் அடைப்புக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய 3 வருடங்களில் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன என்று பெற்றோருக்குப் பிறகுதான் தெரிந்தது.

மகளை இழந்தவர்கள் 'பெண்களை மாலையிலேயே பூட்டி வையுங்கள்' என்று கேட்டிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டது தகவலை. கல்லூரிகள் தங்கள் வளாகத்துக் குற்றங்களின் கணக்கை வருடா வருடம் வெளியிட வேண்டும், ஆபத்து என்றால் உடனே எச்சரிக்க வேண்டும் என்று போராடினார்கள். 1990-இல் அது கூட்டாட்சிச் சட்டமானது, இன்றைக்குக் கிளரி சட்டம் என்று அவர் பெயரிலேயே இருக்கிறது. மாணவி கல்லூரிக்குக் கணக்குக் காட்டிய காலம் போய், கல்லூரி மாணவிக்குக் கணக்குக் காட்ட வேண்டி வந்தது.

ஒரே அலுவலகம், இரண்டு தாள்கள்

இந்தியாவுக்குத் திரும்புவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் மாணவர் பாதுகாப்புக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. எளிதில் ஏற முடியாத மதில், அதன்மேல் முள்கம்பி, ஹாஸ்டலிலும் பயோமெட்ரிக் வருகைப் பதிவு, இதனால் மாணவரின் நடமாட்டத்தைக் கண்காணிக்கலாம் என்ற யோசனை, எல்லாம் அதில் உண்டு. அதே குழுவின் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறைகளும் 2015 என்ற வருடத்தைத்தான் தாங்கி நிற்கின்றன. 2016 மே மாதம் அரசிதழில் வந்தவை. அவை என்ன சொல்கின்றன? பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதியில் மட்டும் பாரபட்சமான விதிகள் போடக் கூடாது, பாதுகாப்பு என்பது அளவு மீறிய கண்காணிப்பாக மாறக் கூடாது. மகளின் கல்லூரி முதல் தாளை அட்சரம் பிசகாமல் படித்திருக்கிறது.

கேரளத்தில் இது நீதிமன்றம் வரை போனது. 2019-இல் கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை மொபைல் கூடாது என்ற விதியை எதிர்த்த மாணவி, விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. 2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர் 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மருத்துவம் படிக்கிறவர், ராத்திரி வார்டில் வேலை பார்க்க வேண்டியவர், நூலகத்திலிருந்து ஹாஸ்டலுக்குத் திரும்ப முடியாது என்றால் எப்படி? அந்த வழக்கில் மருத்துவப் பல்கலைக்கழகம் வைத்த வாதங்களில் ஒன்று, மூளை முதிர்ச்சி 25 வயதில்தான் முழுமையாகிறது என்பது. 1875-இல் 18 என்று முடிந்த கணக்கு, 2022-இல் 25 ஆகிவிட்டது! அந்த டிசம்பரில் கேரள அரசு புது ஆணை போட்டது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே நேரம், இரண்டாம் ஆண்டு முதல் தாமதமாக வந்தாலும் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு உள்ளே போகலாம். ஃபிரஷர்களுக்குக் கூடுதல் கவனம், மற்றவர்களுக்கு எந்நேரமும் திறக்கும் கதவு. எனக்கு இது நியாயமான நடுவழியாகப் படுகிறது.

படிவம்

இவ்வளவும் படித்த பிறகு, எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்கிறேன். 'யார் உள்ளே வருகிறார்கள்?' என்பது ஒன்று, 'இவள் எங்கே போகிறாள்?' என்பது இன்னொன்று. முதலாவது பாதுகாப்பு. இரண்டாவது மைனரை மேய்க்கிற பழைய வேலை, இப்போது பாதுகாப்பு என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது.

படிவத்தோடு ஒரு கடிதம் இணைத்துக் கொடுத்தேன். நான்கே கேள்விகள். தாமதமாக வரும் மாணவிக்குக் கேட் உடனே திறக்குமா? முகப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள்? இரவில் தீப்பிடித்தால் கேட்டை யார் திறப்பார்? ஆண்கள் விடுதியிலும் இதே ஏற்பாடுதானா? அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு மட்டும் அங்கேயே பதில் சொன்னார். "பசங்க ஹாஸ்டலுக்கு அது வாங்கல சார்." மற்ற மூன்றுக்கும் இன்னும் பதில் வரவில்லை.

கையெழுத்துப் போட்டேனா? போட்டேன். போடாவிட்டால் ஹாஸ்டல் இடம் இல்லை, ஹாஸ்டல் இல்லாவிட்டால் அந்தப் படிப்பு இல்லை. ஐஸ் ஹவுஸ் காலத்துப் பெற்றோர் போலத்தான் நானும் அதே விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் மகளுக்கு 18 முடிகிறது. 2023-ஆம் வருடத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18-க்குக் கீழ் உள்ளவரைத்தான் குழந்தை என்கிறது. அதற்குப் பிறகு அவள் முகத்துக்கு அவள்தான் சம்மதம் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த நான்கு கேள்விகளையும் அவளே தன் பெயரில் எழுதிக் கேட்கப் போகிறாளாம். மெசேஜ் வந்தால் என்ன செய்வேன் என்ற அவள் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். "போன் பண்ணி, 'சாப்டியா?'ன்னு கேப்பேன். எங்க இருக்கேன்னு கேக்க மாட்டேன்."

உங்களிடமோ உங்கள் அம்மா, பாட்டியிடமோ பழைய ஹாஸ்டல் விதிப் புத்தகம், அவுட்பாஸ், மன்னிப்புக் கடிதம் ஏதாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தக் கல்லூரியில் எந்த வருடம் எத்தனை மணிக்குப் பூட்டினார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு வருகிறேன். தங்கை தன் மன்னிப்புக் கடிதத்தின் நகலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். பட்டியலில் முதல் வரி அதுதான்.