தலைக்கு ஒரு ரூபாய்

காமராஜர் ஆட்சி என்றதும் அணைகள், பள்ளிக்கூடங்கள், மதிய உணவு என்று வரிசையாக ஞாபகம் வரும். ஊர்க்கிணறும் தெருவிளக்கும் அந்த வரிசையில் வராது. அவற்றைக் கவனித்த இலாகாவின் பெயர் ஸ்தல ஸ்தாபனம். இன்றைய சொல்லில் உள்ளாட்சி. 1957 ஏப்ரலில் பதவியேற்ற மந்திரிசபையில் மொத்தம் எட்டுப் பேர். ஸ்தல ஸ்தாபனம் குளச்சல் தொகுதியின் லூர்தம்மாள் சைமனிடம் இருந்தது. மணவாளக்குறிச்சியில் பிறந்தவர், மீனவர் சமூகத்துப் பெண். அந்த எட்டுப் பேரில் பெண் அவர் ஒருவர்தான்.

தமிழ்நாட்டின் முதல் பெண் அமைச்சர் என்று அவரைச் சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. 1946-லேயே ருக்மிணி லட்சுமிபதி மந்திரியாக இருந்தார். பிறகு ராஜாஜி மந்திரிசபையில் ஜோதி வெங்கடாசலம் இருந்தார். அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டாலும் லூர்தம்மாளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவர் கையிலிருந்த இலாகா என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1956 நவம்பர் 1-ல்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. சட்டசபைக்குப் போக அதுவரை திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினால் போதும். இனி மெட்ராஸ். நாகர்கோவிலில் அப்போது ரயிலே கிடையாது. திருநெல்வேலி வரை போய்த்தான் ஏறணும். அப்படி ஒரு மூலையிலிருந்து வந்தவரிடம், ராஜ்யம் முழுக்க உள்ள கிராமங்களின் இலாகா கொடுக்கப்பட்டது.

அவர் காலத்தில் வந்ததுதான் 1958-ம் ஆண்டு சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம். ஒரு சட்டத்தை ஒரே ஆள் உண்டாக்குவதில்லை. 1957-ல் வந்த பல்வந்த்ராய் மேத்தா குழு அறிக்கை, காமராஜரின் விருப்பம், அதிகாரிகளின் உழைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதைக் காகிதத்திலிருந்து இறக்கி ஊருக்குள் கொண்டுவந்தது அவருடைய இலாகா. முதல் பஞ்சாயத்து யூனியன்கள் 1960 அக்டோபர் 2-ல் தொடங்கின. அடுத்த ஆண்டு அதே தேதிக்குள் ராஜ்யம் முழுக்க முந்நூற்று எழுபதுக்கும் மேல் அமைந்துவிட்டன. நம் மாவட்டத்துக்கு ஒன்பது.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி அதன் காசுக்கணக்கு. நிலத்தீர்வை ஒரு ரூபாய் என்றால், அதன்மேல் 45 நயா பைசா உள்ளூர் செஸ். கிராமத்தில் வீட்டுவரி எவ்வளவு வசூலாகிறதோ, அதே அளவு சர்க்காரும் மானியம் தரும். இவை போக, யூனியனின் மக்கள்தொகையை எண்ணி, தலைக்கு ஒரு ரூபாய்.

இதை நாஞ்சில் நாட்டு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் தோவாளை வயலுக்குத் தீர்வை உண்டு, ஆகவே செஸ்ஸும் உண்டு. கடலுக்கு ஏது தீர்வை? காரைவீடுகள் உள்ள ஊரில் ஆயிரம் ரூபாய் வீட்டுவரி பிரிந்தால், சர்க்கார் இன்னொரு ஆயிரம் தரும். ஓலைக் குடிசைகள் மட்டும் உள்ள கடப்புறத்தில் நூறு பிரிந்தால், இன்னொரு நூறுதான். இருக்கிறவனுக்கே மேலும் சேரும் கணக்கு இது. கட்டுமரக்காரன் ஓட்டு போடுவான், ஆனால் தீர்வைப் புத்தகத்தில் அவன் பேரே இருக்காது.

அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டியது மூன்றாவது வரி. தலைக்கு ஒரு ரூபாய் என்னும்போது வயல்காரரும் ஒரு தலை, வலைக்காரரும் ஒரு தலை. கூடவே ராஜாக்கமங்கலம், குருந்தன்கோடு, கிள்ளியூர் போன்ற யூனியன்களில் கடலோர ஊர்களும் உள்ளூர் வயல் ஊர்களும் ஒரே பையில் வந்தன. பையை யார் அவிழ்ப்பது என்பது வேறு சண்டை. ஆனால் சண்டை போட ஒரு மேஜை கிடைத்தது. அந்த மேஜையில் கடப்புறத்துக்கு ஒரு நாற்காலியும் கிடைத்தது.

தெருவிளக்குக் கதையும் இதுதான். கரண்ட் கொண்டுவருவது மின்சார வாரியம். அந்த வாரியமும் 1957 ஜூலையில் பிறந்ததுதான். ஆனால் தெருவுக்கு வெளிச்சம் தருவது பஞ்சாயத்தின் கடமை என்று சட்டம் சொன்னது. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களுக்கும், கடவத்தில் மீன் சுமந்து நடக்கும் பெண்களுக்கும் அந்த ஒரு பல்பு எவ்வளவு பெரியது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். கம்பம் வந்தபிறகு மாதாமாதம் பில் வருமே, அதை யார் கட்டுவது? இன்றைக்கும் பஞ்சாயத்துப் பணத்தில் கணிசமான பங்கு விளக்குக்கும் குடிதண்ணீர் மோட்டாருக்குமான கரண்ட் பில்லாகத்தான் போகிறது. கிராமத்தில் மின்சாரம் என்பது கடைசியில் வரவுசெலவுப் பிரச்சினைதான்.

1962-ல் அமைந்த அடுத்த மந்திரிசபையில் லூர்தம்மாள் இல்லை. அவர் காலத்தில் எழுந்த அமைப்பையும் பின்னால் வந்தவர்கள் அப்படியே பேணிவிடவில்லை. 1970-க்குப் பிறகு அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல் 1986-லதான் நடந்தது. பதினாறு வருஷம்! ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பஞ்சாயத்துத் தேர்தல் என்றால் என்னவென்று தெரியாமலே ஓட்டு வயசுக்கு வந்தார்கள். 1994-ல் புதுச்சட்டம் வந்து, 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று ஆனபோது, எட்டுப் பேரில் ஒருத்தியாக ஒரு கடலோரப் பெண் அந்த இலாகாவை நடத்தி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எங்க பக்கத்துல விளக்கு எரியலன்னா மெம்பரப் பிடிச்சுத் திட்டுவோம், அதோட முடிஞ்சிரும். இந்த மாசம் பில் எவ்வளவு, வரி எவ்வளவு பிரிஞ்சுது, மானியம் எவ்வளவு வந்துதுன்னு கேக்கிற பழக்கம் நமக்கு இல்லை. அணை கட்டியவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. இந்தக் கணக்கை ஊருக்குள் கொண்டுவந்தவர்களுக்கு, நாம் கணக்குக் கேட்பதுதான் கல்வெட்டு.

2022 முதல் நவம்பர் 1 உள்ளாட்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று கிராமசபையும் கூடுகிறது. குமரி தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே தேதியில்தான். தற்செயல்தான். ஆனாலும் அன்றைக்கு கிராமசபைக்குப் போகிறவர்கள், வரவுசெலவை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.