ஐந்து பேர் கையெழுத்து

மலருக்குக் கட்டுரை கேட்டு எழுதிய சங்கச் செயலாளர், "வெளிநாட்டு வாழ்க்கை பற்றி எழுதுங்க சார், நம்ம செட்டிலேயே நாலைந்து பேர் பிரான்சில் இருந்துட்டு வந்திருக்காங்களே" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். வந்தவர்கள் எல்லோரையும் விசாரித்தேன். ஒருவரும் ஈபில் கோபுரத்தைப் பற்றிப் பேசவில்லை. குடியிருப்பு அட்டைக்கு வரிசையில் நின்றது, வாடகை வீட்டுக்கு ஜாமீன் சொல்ல ஆள் கிடைக்காமல் அலைந்தது, இதைத்தான் சொன்னார்கள்.

கேட்கக் கேட்க, இது பழைய கதையாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. பாஸ்போர்ட்டே எடுக்காத நான் பிரெஞ்சு நாட்டைப் பற்றி என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியதும் இல்லை. எங்கள் பனமலையில் காலை பஸ் ஏறி, விழுப்புரத்தில் மாறினால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாண்டிச்சேரி. 1954 நவம்பர் 1 வரைக்கும் அது வேறு நாட்டு ஆட்சி. எங்கள் தாத்தா காலத்தில் அங்கே சந்தைக்குப் போய் வருகிறவர்கள் எல்லைச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்டித்தான் திரும்ப வேண்டும். அதற்கும் முன்னால் போனால், பிரெஞ்சுக்காரன் செஞ்சிக்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். 1750 செப்டம்பரில் புஸ்ஸி கோட்டையைப் பிடித்தார். 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை அவர்கள் படைதான் அங்கே.

இந்தச் சின்ன வெளிநாட்டில் அந்நியர்களாகக் குடியிருந்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் பாரதியார். 1908இல் 'இந்தியா' பத்திரிகை மீது சென்னையில் வழக்கு வந்தது. அவர் பாண்டிச்சேரிக்குப் போனார். சில மாசத்தில் திரும்பிவிடலாம் என்று போனவருக்குப் பத்து வருஷம் ஆயிற்று. 1910இல் அரவிந்தர் ஏப்ரலிலும் வ.வே.சு. அய்யர் அக்டோபரிலும் வந்து சேர்ந்தார்கள். ஊர்க்காரர்கள் இவர்களைச் 'சுதேசிகள்' என்றார்கள். பேசும் மொழி, உண்ணும் சோறு, கும்பிடும் சாமி எல்லாம் ஒன்றேயானாலும் பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணில் பாரதியார் அந்நியர்தான். அடுத்த தெருவில் இருந்த கனகசுப்புரத்தினம், பிற்பாடு பாரதிதாசன், அங்கேயே பிறந்து பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒருவர் உள்நாட்டார், மற்றவர் வெளிநாட்டார். நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான், ஆனால் அனுபவித்தவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

1911 ஏப்ரலில் அந்த வேடிக்கையும் போயிற்று. பிரெஞ்சிந்திய அரசு அந்நியர்களுக்கென்று ஒரு புதிய சட்டம் போட்டது. வெளியிலிருந்து வந்து தங்குகிறவர்கள் தங்கள் ஊர் அதிகாரியிடம் நற்சான்று வாங்கி வர வேண்டும். பிரிட்டிஷ் போலீஸ் தேடும் ஆளுக்கு எந்தக் கலெக்டர் நற்சான்று கொடுப்பார்? சட்டம் போட்டவர்கள் இதை யோசித்தே போட்டிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதில் ஒரு சந்து இருந்தது. உள்ளூர் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐந்து பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் போதும். அரவிந்தருக்கு முதலில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்த சங்கர செட்டியார் ஓடியாடி அந்த ஐந்து கையெழுத்தையும் வாங்கிவிட்டார். தானும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

நம் பாடப்புத்தகத்தில் பாரதி வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தக் கையெழுத்துகள் ஞாபகம் இருக்காது, ஏனென்றால் அதில் அவை இல்லை. அரவிந்தர் ஒருவர் விஷயமாகவும் இதைப் பார்க்கக் கூடாது. அந்த வாசல் அடைபட்டிருந்தால் சுதேசிகள் எல்லோருக்கும் அடைபட்டிருக்கும். இரண்டே மாசத்தில், ஜூன் 17 அன்று, மணியாச்சியில் ஆஷ் துரை சுடப்பட்டார். பிறகு கேட்க வேண்டுமா? பாண்டிச்சேரித் தெருக்களில் ரகசியப் போலீஸ் குவிந்துவிட்டது. அந்தச் சமயத்தில் பாரதியாரை எல்லைக்கு வெளியே தள்ளியிருந்தால் 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' எல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றும் அந்தப் பத்து வருஷத்து அறுவடை.

அன்றாட வாழ்க்கையில் பெரிய தொல்லை தபால். பாண்டிச்சேரிக்குள்ளேயே பிரிட்டிஷ் இந்தியத் தபாலாபீஸ் இருந்தது. சுதேசிகளுக்கு வரும் கடிதம் பிரிக்கப்படும், மணியார்டர் நிற்கும். ஆகவே வேறொருவர் பெயரில் எழுதச் சொல்ல வேண்டும், அந்த வேறொருவர் நம்பகமானவராக இருக்க வேண்டும். 'இந்தியா'வைப் பிரிட்டிஷ் எல்லைக்குள் விடாமல் தடுத்ததால் அது 1910இல் நின்றது, அதோடு வருமானமும் நின்றது. பாரதியார் அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த அரிசியைச் செல்லம்மாள் எங்கே கடன் வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை! வாடகை பாக்கி நின்றாலும் வாய் திறந்து கேட்காத வீட்டுக்காரர் ஒருவர் அவருக்கு வாய்த்தார். பாரதியார் அவருக்கு வைத்த பெயர் 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்'. முத்தியாலுப்பேட்டையில் தன் தோப்பைத் திறந்து விட்டவர் கிருஷ்ணசாமி செட்டியார், இவர் 'வெல்லச்சு'. அந்தத் தோப்புதான் குயில் பாட்டின் தோப்பு. நம் விடுதியில் வார்டனுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு இதெல்லாம் புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அய்யர் வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் ஒரு பாத்திரம் கிடைத்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள்! யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒளிக்காமல் முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். அந்நியனாக இருக்கிறவன் சட்டத்தை உள்ளூர்க்காரனைவிட நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்கிறான். பிற்பாடு வீடுகளைச் சோதனை போட வந்த பிரெஞ்சு நீதிபதி, அரவிந்தர் மேஜையில் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து மரியாதையோடு திரும்பினாராம்.

அதே வருஷங்களில் அதே ஊரில் இன்னொருவர் இருந்தார், அவரை எங்கள் பனமலைக்காரர்கள் மறக்கக் கூடாது. சைகோனில் 1885இல் பிறந்து, 1909இல் பாண்டிச்சேரிக் காலனியக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ழுவோ துப்ரேய். பாரதியார் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றார், துப்ரேய் இந்தப் பக்கம் வந்து பல்லவர் கோயில்களைத் தேடினார். எங்கள் ஏரிக்கரைக் குன்றின் மேல் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் அம்மன் ஓவியத்தை உலகத்துக்குச் சொன்னவர் அவரே. நாங்கள் சிறுபிள்ளையாக அந்தச் சுவரடியில் புளியங்காய் தின்றோமே தவிர, அண்ணாந்து பார்த்ததில்லை.

1914இல் யுத்தம் வந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் ஒரே கட்சி. சுதேசிகளை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் அடிபட்டது. யாரும் போகவில்லை. யுத்தம் முடிந்த 1918 நவம்பரில், இனிப் பொறுப்பதில்லை என்று பாரதியார் புறப்பட்டார். எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் கழித்து, இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும், எழுதுவதைப் போலீசிடம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டு விட்டார்கள். கடையத்துக்குப் போனார். அந்த நிபந்தனைகள் 1920இல்தான் நீங்கின.