ஆறு நாள் வேலை அல்லது மூன்று சிலிங்

வீதியொன்றை அகலமாக்கப் போகிறார்கள் என்னும் செய்தி ஓர் ஊருக்குள் வந்தால் அன்று மாலையே ஊர் இரண்டுபடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். கடைக்காரர் ஒருவர், வண்டி வாகனம் தடையின்றி வந்தால் வியாபாரம் பெருகும் என்பார். மதிலையும் வாசற்படியையும் இழக்கப்போகிறவர், யாரோ விரைந்து போவதற்கு என் முற்றம் ஏன் போகவேண்டும் என்பார். வரிப்பணம் கட்டுகிற மூன்றாமவரோ, இருவரையும் பார்த்து, இதற்கெல்லாம் பணம் யாருடையது என்று கேட்பார். முதலிருவரின் வழக்கும் காலத்துக்குக் காலம் மாறும். மூன்றாமவருடைய கேள்வி மட்டும் மாறுவதில்லை. அந்தக் கேள்வி இந்நாட்டில் ஒருமுறை துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. அது நடந்த ஆண்டு 1848.

அதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டிலே வண்டி செல்லத்தக்க வீதி என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. உப்பும் கருவாடும் துணியும் மாடுகளின் முதுகில் ஏற்றப்பட்டுத் தவளந் தவளமாக மேலே சென்றன. பாக்கும் பிற விளைபொருள்களும் அவ்வாறே கீழே இறங்கின. கண்டியரசர்கள் பாதைகளை ஒடுக்கமாகவே வைத்திருந்ததும் தற்செயலன்று. பகைவருக்கு வழி கொடுக்காத காடே அவர்களுக்குக் கோட்டையாக இருந்தது. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1817-18ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபின், வீதியில்லாமல் இந்நாட்டை ஆளமுடியாதென்பதை அவர்கள் உணர்ந்தனர்.

எட்வேட் பாண்ஸ் என்னும் தேசாதிபதி 1820இல் கொழும்பு - கண்டி வீதியைத் தொடக்கினார். எழுபத்திரண்டு மைல். கடுகண்ணாவைக் கணவாயில் மலையைச் சரித்து வழி சமைத்தனர்; ஓரிடத்தில் பாறையையே குடைந்து வழி விட்டனர். மலையைத் துளைத்துக்கொண்டு வருபவனுக்கே கண்டி அடிபணியும் என்றொரு பழைய வாக்கு வழங்கியதாகவும், பாறை குடையப்பட்ட அன்று அது பலித்ததென மக்கள் பேசிக்கொண்டதாகவும் கூறுவர். வேலையை நடத்திய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. அவருக்குக் கோபுரம் உண்டு. கல்லுடைத்த ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு கல்லும் இல்லை.

அவர்கள் கூலிக்கு உடைத்தவர்களுமல்லர். இராசகாரியம் என்னும் பழைய ஊழிய முறையின்கீழ் அழைத்துவரப்பட்டவர்கள். அரசன் காலத்தில் நிலத்தை அனுபவிப்பவன் அதற்கீடாகச் செய்த சேவை அது. குளக்கட்டைத் திருத்துவதும் வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் அதில் அடங்கின. அம்முறையைப் பாண்ஸ் எடுத்து வீதிக்குத் திருப்பினார். வடபுலத்தாருக்கும் இது புதிதன்று. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் தலைவரியும் வாங்கினர், ஊழியமும் வாங்கினர். பெயர் வேறாயினும் சுமை ஒன்றே.

பின்னர்க் கோல்புறூக், கமறன் என்னும் இரு விசாரணையாளர் வந்தனர். அவர்களுடைய சிபாரிசின்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதனை அவன் விருப்பத்துக்கு மாறாகக் கூலியின்றி வேலைக்கு இழுக்கக்கூடாது என்பது அன்று அரசாங்கமே அறிவித்த கொள்கை. குளங்களைப் பேணுவதற்கு வேறு ஒழுங்கு செய்யாமல் அதனை ஒழித்தமையால் பல குளங்கள் தூர்ந்தன என்னும் குறையும் உண்டு; அது வேறு கதை. குடியானவன் மனத்தில் பதிந்தது ஒன்றுதான்: இனி என் உடல் என்னுடையது.

இதற்கிடையே கோப்பி வந்துவிட்டது. பாண்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் திறந்தவர். 1830களிலும் 40களிலும் மலைச்சாரல்கள் ஏலத்தில் விலையாயின. 1840ஆம் ஆண்டுச் சட்டமொன்று, உரிமை காட்டமுடியாத காட்டு நிலத்தையெல்லாம் முடிக்குரியதாக்க வழிசெய்தது. அரசாங்க உத்தியோகத்தர் பலரும் நிலம் வாங்கித் தோட்டத்துரைமாராயினர். வீதியைத் திட்டமிடுகிற கையும் கோப்பி மூடையை எண்ணுகிற கையும் சிலவேளை ஒரே கையாக இருந்தன. தோட்டம் பெருகப் பெருக வண்டிகள் பெருகின. வண்டிச் சக்கரம் வீதியை அரித்தது. திருத்தச் செலவும் ஏறியது.

1847இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட பணநெருக்கடியோடு கோப்பியின் விலை சரிந்தது. திறைசேரி வெறுமையாயிற்று. அந்த ஆண்டிலேதான் டொறிங்டன் பிரபு தேசாதிபதியாக வந்திறங்கினார். அவர் அக்காலப் பிரித்தானியப் பிரதமர் றசல் பிரபுவின் உறவினர். நாட்டின் வருமானத்தைச் சீராக்கக் கொலனியற் செயலாளர் எமர்சன் ரெனன்ற் எழுதிவைத்த திட்டம் ஏற்கெனவே தயாராயிருந்தது. ஏற்றுமதித் தீர்வையைக் குறைத்து, மக்களிடமிருந்து நேரடியாக வரி வாங்கவேண்டும் என்பது அதன் சாரம். கோப்பிக்கு இருந்த ஏற்றுமதித் தீர்வை நீங்கியது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கும் வள்ளத்துக்கும் வரி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் பிறந்தன. அவற்றோடு வந்ததே 1848ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் தெருச்சட்டம்.

அந்தச் சட்டம் சொன்னது சுருக்கமானது. வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்யவேண்டும். அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். வீதி எல்லாருக்கும் பொது. ஆகையால் எல்லாரும் சமமாகத் தரட்டும். ஆனால், நேயர்களே, கணக்கைச் சற்று விரித்துப் பாருங்கள். ஆறு நாளுக்கு மூன்று சிலிங் என்றால் நாளொன்றுக்கு ஆறு பென்ஸ். நூற்றுக்கணக்கான ஏக்கர் கோப்பி வைத்திருப்பவனுடைய தலைக்கும் மூன்று சிலிங். சேனை வெட்டிக் குரக்கன் விதைப்பவனுடைய தலைக்கும் மூன்று சிலிங். முன்னவனுடைய வண்டி நூறு முறை அந்த வீதியால் போகிறது. பின்னவன் ஆண்டில் ஒருமுறை, அதுவும் கால்நடையாக, விகாரைக்கோ கச்சேரிக்கோ போகிறான். பணப்புழக்கம் குறைந்த கிராமத்தில் மூன்று சிலிங்கை நாணயமாகக் கையில் காண்பதே அரிது. ஆகவே முன்னவன் பணம் கட்டுவான், பின்னவன் கல்லுடைப்பான் என்பது சட்டத்தில் எழுதப்படாத சட்டம். பதினாறு ஆண்டுக்கு முன் ஒழித்த இராசகாரியம் ஆங்கில உடை தரித்து மீண்டும் வந்துவிட்டதென்று மலைநாட்டார் நினைத்ததில் வியப்பில்லை. முதலில் பௌத்த பிக்குகளுக்கும் விலக்கு அளிக்கப்படாதது நெருப்பில் நெய்யாயிற்று. நெருப்பைத் தணிக்க வேண்டியவர்களையே அரசாங்கம் பகைத்துக்கொண்டது. இதைவிடக் கண்மூடித்தனமான செயலை நினைப்பது கடினம்.

வரியை ஆலோசித்த சட்டநிரூபண சபையில் மக்கள் குரல் இருந்ததா எனக் கேட்கலாம். 1833இல் ஏற்பட்ட அச்சபையில் உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றோர் அறுவர். அந்த அறுவரில் சிங்களவருக்கு ஒருவர், தமிழருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர். எல்லாரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர். கேட்டுக் கொடுப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் வரி கொடுப்பதற்கு மட்டும் ஆள் இருந்தது. இந்த முரண்பாட்டை வெளிப்படையாக எழுதியவர் ஓர் ஐரோப்பியரே. கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையை நடத்திய வைத்தியர் கிறிஸ்தோபர் எலியற், 1848 யூலைத் தொடக்கத்தில் தமது பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியிட்டார். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி விதிப்பது முறையன்று என்பது அதன் கருத்து. அது சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ஊரூராகப் பரவியது. கலகத்துக்கு வித்திட்டவர் அவரே என்று பின்னர் தேசாதிபதி குற்றஞ்சாட்டினார். கடிதம் ஒன்று கலகத்தை உண்டாக்குமா, கலகம் பிறக்கத்தக்க வயிறெரிச்சல் முன்பே இருக்கவேண்டாமா என்பதை நேயர்கள் தீர்மானிக்கலாம்.

யூலை 6ஆந் திகதி கண்டியிலே மக்கள் கூடி வரிகளைப்பற்றி முறையிட்டனர். அவர்கள் வெறுங்கையோடு, பேசுவதற்கே வந்திருந்தனர். கிடைத்த மறுமொழி அவர்களை ஆற்றவில்லை. எல்லாவற்றுக்கும் வரி வரப்போகிறது என்னும் வதந்தி மலையெங்கும் ஓடியது. கொழும்பிலும் அம்மாத இறுதியில் பெருங்கூட்டம் திரண்டு விண்ணப்பம் கொடுக்க முயன்றது. அதே நாட்களில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா என்பவரை மக்கள் அரசனாக முடிசூட்டினர். யூலை 28இல் மாத்தளை தாக்கப்பட்டது, மறுநாள் கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று, குருநாகலும் தப்பவில்லை.

கிளர்ச்சி சில நாட்களிலே அடங்கிவிட்டது. தண்டனை அடங்கவில்லை. இராணுவச் சட்டம் ஒக்டோபர் 10 வரை நீடித்தது. வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8இல் கண்டியில் சுடப்பட்டார். குடாபொல தேரர் காவியுடையோடே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்மீது காட்டப்பட்ட சான்று மிக மெலிந்தது. கொங்காலேகொட பண்டா செப்ரெம்பரில் பிடிபட்டு, மரணதண்டனை குறைக்கப்பட்டு, கசையடியோடு மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். கலகக்காரருடைய கையாற் படையினருக்கு நேர்ந்த சேதத்தோடு ஒப்பிட்டால் அரசாங்கத்தின் பழிவாங்கல் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். செய்தி இங்கிலாந்தை எட்டியபோது பாராளுமன்றத்தில் விசாரணைக் குழு அமைந்தது. 1850இல் டொறிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். ரெனன்ற்றும் பதவி இழந்தார்.

இனி, இக்கதையில் பெரும்பாலோர் கவனியாத பகுதி. துப்பாக்கி வரி போயிற்று. நாய் வரி போயிற்று. கடை வரியும் போயிற்று. தெருவரி போகவில்லை! பிக்குகளுக்கு விலக்குக் கொடுத்து அரசாங்கம் அச்சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. விலக்குப் பெற்றோர் வரிசையில் தேசாதிபதியும் இருந்தார் என்பது ஒரு சுவையான செய்தி. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரும் விலக்கப்பட்டனர். கருணையினால் என்று யாரும் எண்ணவேண்டாம். அவர்களுடைய உழைப்பு நாட்களைத் துரைமார் வீதிக்கு விட்டுக்கொடுக்க விரும்பியிருக்கமாட்டார்கள்.

1861இல் மாகாணத் தெருக் குழுக்களும் மாவட்டத் தெருக் குழுக்களும் திருத்தமாக அமைக்கப்பட்டன. உத்தியோகப்பற்றற்றோரும் அவற்றில் இடம்பெற்றனர். எந்தப் பாதையை முதலில் திருத்துவது, எந்தப் பாலத்தைப் பிற்போடுவது என்று உள்ளூரார் சிலராவது மேசைக்கு முன் இருந்து வாதாடியது அக்குழுக்களில்தான். கிளைவீதி வேண்டிய தோட்டத்துரைமார் செலவில் ஒரு பாதியைத் தாமே ஏற்கும் ஒழுங்கும் பின்னர் வந்தது. என் கருத்தில், 1848இல் வந்திருக்கவேண்டிய சட்டம் அதுதான். மிகுந்த பயன் பெறுபவன் மிகுந்த பங்கு தரட்டும் என்னும் எளிய நீதியை ஏற்க அரசாங்கத்துக்கு ஒரு கலகமும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. வீதியே வேண்டாமென்று சொன்னவர்களுக்காக நான் வாதாடவில்லை. கண்டி வீதி இல்லாவிடில் மலைநாட்டான் மருந்துக்கும் அரிசிக்கும் தவளத்தையே நம்பியிருப்பான். வழக்கு வீதியைப்பற்றியதன்று, பங்கீட்டைப்பற்றியது.

ஆறு நாள் வேலையோ பணமோ என்னும் அந்தத் தலைவரி, சிலிங் போய் ரூபாய் வந்தபின்னும் தொடர்ந்தது. ஆண்டுக்கு இரண்டு ரூபாய். கட்டாதவன் வீதிக்குப் போகவேண்டும். அதற்கும் போகாதவன் மறியலுக்குப் போகவேண்டும். 1915இல் இளம் இலங்கைச் சங்கம் தோன்றியபோது அதன் தலைவர்களுள் ஒருவரான ஏ. ஈ. குணசிங்கா இவ்வரியை எதிர்த்துக் கிளம்பினார். அவரும் தோழரும் கையில் பணமிருந்தும் கட்டமாட்டோம், ஆறு நாளும் கல்லுடைப்போம் என்று நின்றனர். படித்தவனும் சட்டை போட்டவனும் வீதியோரத்தில் சம்மட்டி தூக்கி நின்றபோதுதான், அதுவரை ஏழை மட்டும் நின்ற இடம் எதுவென்று நகரத்தாருக்குத் தெரிந்தது. 1920களில் அவ்வரி ஒழிந்தது.

அதே 1915ஆம் ஆண்டில்தான் வீடமைப்பு, நகரத் திருத்தச் சட்டமும் வந்தது. நகரசபையொன்று தெருவின் இருபுறமும் வீதிக்கோடு வரைந்து, அக்கோட்டுக்குள் புதிதாகக் கட்டடம் எழும்பாமல் தடுக்க அது அதிகாரம் கொடுத்தது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம், பொதுத்தேவைக்கு எடுக்கும் நிலத்துக்கு அறிவித்தலும் ஆட்சேபமும் நட்டஈடும் எவ்வாறு நடக்கவேண்டும் என வரையறுத்தது. கொழும்பின் புறநகரில் மதிலை இழப்பவர் கையில் எடுத்துச் செல்லும் கடதாசிக் கட்டு இச்சட்டங்களிலிருந்து பிறந்தது. 1848இல் கண்டியில் கூடியவர்களுக்கு ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்க ஓர் இடமும், அதனை வாசிக்கக் கடமைப்பட்ட ஓர் அலுவலரும் இருக்கவில்லை.