இரவில் கற்ற வண்ணம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பழைய வீடுகளின் கூடத்தில் மூதாதையர் முகமொன்று சட்டத்துக்குள்ளிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். நெற்றிச் சுருக்கமும் கடுக்கனின் ஒளியும் அச்சு அசலாகத் தோன்றும் அவ்வுருவங்களைக் காணுந்தோறும், மனித முகத்தை இப்படித் தீட்டும் கலையை நம்மவர் எவ்வாறு கற்றனர் என்ற வினா எழும்.

விடை தேடினால் மதுரை வழியாகத் திருவனந்தபுரம் செல்ல வேண்டும். சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனை ஓவியராக விளங்கியவர் மதுரை அழகிரி நாயுடு. ஆயில்யம் திருநாள் காலத்தில் அவ்விடத்தில் இருந்தவர் மதுரை ராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணம் அறிந்தவர். 1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, 1862-ல் சிறுவனாக அரண்மனைக்கு வந்தார். நாயக்கர் அவருக்குக் கற்பிக்க மறுத்தார். 1868-ல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர்.

மறைத்துக் காக்க அதில் அப்படி என்ன இருந்தது? நீரில் கரைத்த வண்ணம் விரைவில் உலரும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ நாள்கணக்கில் ஈரமாயிருக்கும். அதனால்தான் கன்னத்தின் ஒளியைக் கோடு தெரியாமல் நிழலுக்குள் கரைக்க முடிகிறது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும்; மாறினால் படம் வெடிக்கும். முடிந்த படத்தை எத்தனை முறை பார்த்தாலும் இந்த வரிசை புலப்படாது. அறிந்த ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

நாயக்கரைப் பழிப்பது எளிது. ஆனால் அரசரின் உறவினனான ஒரு சிறுவனிடம் அவர் கொடுக்க வேண்டியிருந்தது தம் பிழைப்பையே அல்லவா? பிள்ளையோ அதையும் மீறிக் கொடுத்தார். இன்று ரவிவர்மாவை உலகறியும்; பிள்ளையை அறிந்தோர் சிலரே.

இந்தக் கதைக்கு மறுபக்கம் நம் கரிசல் மண்ணிலேயே உண்டு. 1898-ல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் மேனாட்டு முறை பயின்ற கொண்டையராஜு, திருச்சுழியில் பிறந்த ரமணரின் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கியவர். பின்பு நாடகத் திரைகள் தீட்டி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். சிவகாசி நாட்காட்டிகள் வழியே அவர் தீட்டிய முகங்கள் வீடுதோறும் சென்றன. டி.எஸ்.சுப்பையா முதலிய மாணவர்களுக்கு அவர் ஒளிக்காமல் கற்பித்தார். சில படங்களில் குருவின் பெயரோடு மாணவரின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும்.

ஆறுமுகம் பிள்ளைக்குக் கிடைக்காத கையெழுத்து அதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.