கொடைமடமும் ஊதாரித்தனமும்

ஊதாரித்தனம், வீண்செலவு, தண்டச் செலவு, டாம்பீகம், ஆடம்பரம், விரயம் என்று அளவு மீறிய செலவுக்குத் தமிழில் பெயர்கள் ஏராளம். இவற்றுள் சில, பிறப்பில் குற்றமற்றவை. விரயத்தின் மூலமான ‘வியயம்’ வடமொழியில் பொதுவான செலவையும் குறிக்கும். தமிழுக்கு வந்தபின் பண விரயம், நேர விரயம் என்று பாழாவதையே குறிக்கலாயிற்று. பஞ்சாங்கத்தின் ஆதாய விரயக் கணக்கில்தான் பழைய பொருள் தங்கியிருக்கிறது. ஆடம்பரம் என்பது வடமொழியில் ஒருவகை முரசுக்கும் பேரொலிக்கும் பெயர். நம் கல்யாண மண்டபங்களில் அந்தப் பொருளும் அழிந்துவிடவில்லை!

ஆனால் இந்தச் சொற்கூட்டத்தில் சேராத ஒரு சொல் உண்டு: கொடைமடம். பரணர் வையாவிக் கோப்பெரும் பேகனைப் பாடிய புறநானூற்று 142ஆம் பாட்டில் அது வருகிறது. வற்றிய குளத்திலும் வயலிலும் பெய்வதோடு நில்லாமல் களர்நிலத்திலும் பெய்யும் மழையைப் போன்றவன் பேகன். கொடுப்பதில் மடமைப்படுவான், படை நடத்துவதில் படமாட்டான் என்பது புலவர் தீர்ப்பு. மடம் என்றால் அறியாமை. ஆனால் இதற்கு முந்தைய பாட்டிலேயே, மயில் உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று அறிந்தும் பேகன் அதற்குப் போர்வை ஈந்தான் என்கிறார் பரணர். அறிந்தே செய்ததை அறியாமை என்று புகழ்வது தமிழ்ப் புலவருக்கே உரிய குறும்பு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் இந்த வரிசையில் நிற்பவன்.

வள்ளுவர் இந்த மயக்கத்துக்கு இடங்கொடுக்கவில்லை. பயனில்லாமல் சேர்த்து வைப்பவனுக்கு ‘நன்றியில் செல்வம்’ என்று தனி அதிகாரம் வகுத்தவர், ஊதாரிக்கு அப்படி ஒன்றைத் தரவில்லை. ‘வலியறிதல்’ அதிகாரத்தின் கடைசி நான்கு குறள்களில்தான் அவனைப் பிடிக்கிறார். வருவாய் சிறிதானாலும் கேடில்லை, போகும் வழி அகலாதிருந்தால் போதும் என்பது 478ஆம் குறளின் கருத்து. கையிருப்பை எண்ணிப் பாராமல் செய்யும் ஒப்புரவும் செல்வத்தை விரைவில் அழிக்கும் என்கிறது 480. ஆனால் 220ஆம் குறளோ, ஒப்புரவால் கேடு வருமானால் தன்னை விற்றாவது அதைக் கொள்ளலாம் என்கிறது.

முரணாகத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. பின்னது அறத்துப்பாலில் இல்லறத்தானுக்குச் சொன்னது; அவன் கெட்டால் கெடுவது அவன் பொருள். முன்னது பொருட்பாலில் அரசனுக்குரியது. அவன் கையில் இருப்பது குடிகள் செலுத்திய இறை. யாருடைய பொருள், யாருக்காகப் போகிறது என்பதே கேள்வி; தொகை அதற்கு அடுத்தபடி.

பேச்சுவழக்கும் இதைச் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறது. பிறர்க்குக் கொடுத்தவர் ‘வாரி வழங்கினார்’. தன் பகட்டுக்காகக் கொட்டியவர் ‘வாரி இறைத்தார்’. வாரும் கை ஒன்றுதான்.

கடன் வாங்கிப் பந்தல் போட்டுவிட்டுப் பெருந்தன்மை பேசுவோர் பேகனைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. பேகன் கொடுத்தது தன் போர்வையை.