சிறு பாய்மரப் படகோட்டம்

சிறு பாய்மரப் படகோட்டம் அல்லது டிங்கிப் படகோட்டம் என்பது, பெரும்பாலும் ஒருவரோ இருவரோ செலுத்தும் சிறிய திறந்த படகைக் காற்றின் விசையால் இயக்கும் கலையும் விளையாட்டும் ஆகும். டிங்கி என்னும் சொல், சிறு படகைக் குறிக்கும் இந்தி, வங்காளச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதாகும். டிங்கி எடை குறைந்தது. எனவே செலுத்துபவரின் ஒவ்வொரு செயலுக்கும், தவறுக்கும், அது உடனே எதிர்வினை காட்டும். இதனால் பெரிய பாய்ப்படகுகளைச் செலுத்த விரும்புவோரும் பெரும்பாலும் டிங்கியிலேயே பயிற்சியைத் தொடங்குகின்றனர். காற்று எங்கிருந்து வீசுகிறது என்பதை எப்போதும் அறிந்திருத்தலும், புறப்பட்ட கரைக்குத் திரும்பிவரும் திறனைப் பெறுதலும் அடிப்படைப் பயிற்சியின் இரு நோக்கங்களாகும்.

படகின் பாகங்கள்

* பாய்மரம்: பாயைத் தாங்கும் செங்குத்துத் தண்டு.
* கிடைத்தண்டு: பாயின் அடிவிளிம்பை விரித்துப் பிடிக்கும் தண்டு. பூம் எனவும் அழைக்கப்படும்.
* பாய்க்கயிறு: பாயை உள்ளிழுக்கவும் வெளியே தளர்த்தவும் பயன்படும் கயிறு.
* சுக்கான்: படகின் பின்முனையில் அமைந்து திசையை மாற்றும் பலகை. இதனுடன் இணைந்த கைப்பிடி சுக்கான்பிடி ஆகும்.
* நடுப்பலகை: படகின் நடுவே நீருக்குள் இறக்கப்படும் பலகை. படகு பக்கவாட்டில் நழுவுவதை இது தடுக்கிறது. தமிழகக் கரையின் கட்டுமரங்களிலும் பாய் விரித்துச் செல்லும்போது இதே நோக்கத்துக்காகப் பலகை பயன்படுத்தப்பட்டது.

இயங்கும் விதம்

காற்று பின்னாலிருந்து வீசும்போது பாய் அதைத் தடுத்து நிறுத்துவதால் படகு முன்னே தள்ளப்படுகிறது. ஆனால் காற்று பக்கவாட்டிலிருந்தோ சற்று முன்னாலிருந்தோ வீசும்போதும் படகு முன்னேற முடியும். வளைந்த பாய், தன்மீது படும் காற்றின் திசையைத் திருப்புகிறது. அதன் எதிர்விசை பாயின் மீது செயற்படுகிறது. இவ்விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டிலும் சிறுபகுதி முன்னோக்கியும் தள்ளும். பக்கவாட்டு விசையை நடுப்பலகை எதிர்ப்பதால் படகு முன்னோக்கி நகர்கிறது. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது முன்னே பாய்வதை இதற்கு ஒப்பிடலாம்.

காற்றும் திசைகளும்

எந்தப் பாய்ப்படகும் காற்றை நேர் எதிர்த்துச் செல்ல இயலாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை வரையுள்ள பகுதி செல்லாப் பகுதி எனப்படும். இதற்குள் படகு திரும்பினால் பாய் படபடக்கும், வேகம் குறைந்து படகு நின்றுவிடும். ஏனைய திசைகளில் படகின் ஓட்டம் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகிறது.

* நெருங்கிய ஓட்டம்: செல்லாப் பகுதியின் விளிம்பை ஒட்டிச் செல்லுதல். பாய் நன்கு உள்ளிழுக்கப்பட்டும் நடுப்பலகை முழுதும் இறக்கப்பட்டும் இருக்கும்.
* பக்கக்காற்று ஓட்டம்: காற்றுக்குச் செங்குத்தாகச் செல்லுதல். பாய் ஏறத்தாழப் பாதியளவு தளர்த்தப்படும். கற்பதற்கு எளிதான ஓட்டம் இதுவே. இதில் செல்பவர் படகைத் திருப்பி, வந்த வழியே கரையை அடையலாம்.
* பின்காற்று ஓட்டம்: காற்றின் திசையிலேயே செல்லுதல். பாய் முழுதும் வெளியே தளர்த்தப்பட்டும் நடுப்பலகை பெருமளவு உயர்த்தப்பட்டும் இருக்கும்.

பாயைச் சரிசெய்வதற்கு எளிய விதி ஒன்று உண்டு. பாயின் முன்விளிம்பு படபடக்கத் தொடங்கும் வரை கயிற்றைத் தளர்த்தி, படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் மீண்டும் இழுக்க வேண்டும். பின்காற்று ஓட்டத்தைத் தவிர ஏனையவற்றுக்கு இது பொருந்தும்.

அடிப்படைப் பயிற்சிகள்

படகைச் செலுத்துபவர் காற்று மோதும் பக்கத்தில், பாயை நோக்கி அமர்வார். ஒரு கை சுக்கான்பிடியையும் மறு கை பாய்க்கயிற்றையும் பற்றியிருக்கும். சுக்கான்பிடியைப் பாயின் பக்கம் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும். தன்பக்கம் இழுத்தால் காற்றைவிட்டு விலகும்.

படகை நிறுத்துவது முதலில் கற்பிக்கப்படுகிறது. பக்கக்காற்று ஓட்டத்தில் பாய்க்கயிற்றை முழுதும் தளர்த்திவிட்டால் பாய் கொடியைப் போலப் பறக்கும், படகு மெல்ல நிற்கும். திடீர்க் காற்றில் படகு சாயும்போதும் இதுவே முதல் தற்காப்பு ஆகும்.

செல்லாப் பகுதியின் ஊடாகப் படகின் முன்முனையைத் திருப்பி மறுபக்கம் கொண்டுவருவது எதிர்காற்றுத் திருப்பம் அல்லது டாக்கிங் எனப்படும். இத்திருப்பத்தை மாறிமாறிச் செய்து வளைந்து வளைந்து சென்றால் காற்று வரும் திசையிலுள்ள இடத்தையும் அடையலாம். ஒவ்வொரு முறையும் காற்றுக்கு 45 பாகையில் சென்றால், நேர்த்தொலைவு 1 கிலோமீட்டராக உள்ள இடத்தை அடைய ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் செல்ல வேண்டும். திருப்பத்தின் நடுவே வேகம் குறைந்தால் படகு காற்றுக்கு நேரே சிக்கிக்கொள்ளும். அப்போது கிடைத்தண்டையும் சுக்கான்பிடியையும் ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்தால், படகு பின்னோக்கி நகர்ந்து திரும்பும். பின்னர் இரண்டையும் உள்ளிழுத்து ஓட்டத்தைத் தொடரலாம்.

படகின் பின்முனையைக் காற்றின் ஊடாகத் திருப்புவது பின்காற்றுத் திருப்பம் அல்லது ஜைபிங் எனப்படும். இதில் பாய் காற்று நிறைந்த நிலையிலேயே பக்கம் மாறுவதால் கிடைத்தண்டு மிகுந்த வேகத்துடன் படகைக் கடக்கும். தலையைத் தாழ்த்தாதவர் காயமடையலாம், படகும் கவிழலாம். எனவே இது மென்காற்றில் மட்டுமே கற்பிக்கப்படுகிறது.

கவிழ்தலும் மீட்டலும்

டிங்கி கவிழ்வது இயல்பான நிகழ்வாகும். ஆகையால் கவிழ்ந்த படகை நிமிர்த்துவது தொடக்கப் பயிற்சியிலேயே கற்பிக்கப்படுகிறது. உடனிருப்பவர் பாதுகாப்பாக உள்ளாரா எனப் பார்த்த பின்னர், பாய்க்கயிற்றைத் தளர்த்தி, படகின் முன்முனையைக் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். பின் நடுப்பலகையின் மீது ஏறி, விளிம்பைப் பற்றிப் பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும்.

படகை நிமிர்த்த இயலாவிட்டாலும் அதைவிட்டு நீந்திச் செல்லக் கூடாது. டிங்கியில் காற்றறைகளோ மிதவைகளோ இருப்பதால் அது கவிழ்ந்தும் மிதக்கும். நீரில் ஒரு மனிதத் தலையைத் தேடுவதைக் காட்டிலும் படகைக் கண்டறிவது மீட்போருக்கு எளிது. மேலும் நீர்மட்டத்திலிருந்து பார்க்கும்போது கரை உண்மையைவிட அண்மையில் இருப்பதாகத் தோன்றும்.

பாதுகாப்பு

நீச்சல் அறிந்தவரும் மிதவை உடை அணிதல் அவசியமாகும். மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வரை வீசும் காற்று, போபோர்ட் அளவுகோலில் 3 ஆம் எண்ணைச் சேர்ந்தது. தொடக்கநிலையினர் இதைவிட வலிய காற்றில் தனியே செல்லாதிருத்தல் நன்று.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று குறிப்பாக ஆபத்தானது. கரையோரத்தில் மரங்களும் கட்டடங்களும் காற்றை மறைப்பதால் நீர் அமைதியாகத் தோன்றும், விலகிச் செல்லச்செல்லக் காற்று வலுக்கும். செல்வது எளிதாகவும் திரும்புவது கடினமாகவும் இருக்கும். சென்னை போன்ற கிழக்குக் கரை நகரங்களில் கோடைக்காலத்தில் காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று, நண்பகலையொட்டிக் கடற்காற்றாக மாறுவது வழக்கம். எனவே புறப்படுமுன் காற்றின் திசையை மட்டுமன்றி அது மாறக்கூடிய நேரத்தையும் அறிதல் வேண்டும்.

வழிவிடும் விதிகள்

1972 ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, இரு பாய்ப்படகுகள் மோதும் வகையில் நெருங்கும்போது,

* வெவ்வேறு பக்கங்களில் காற்றைப் பெற்றால், இடப்பக்கம் காற்றைப் பெறும் படகு வழிவிட வேண்டும்.
* ஒரே பக்கத்தில் காற்றைப் பெற்றால், காற்று வரும் திசைக்கு அண்மையிலுள்ள படகு வழிவிட வேண்டும்.

முந்திச் செல்லும் படகு, முந்தப்படும் படகுக்கு வழிவிட வேண்டும்.

பயிற்சிப் படகுகள்

ஆப்டிமிஸ்ட் படகை 1947 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த கிளார்க் மில்ஸ் வடிவமைத்தார். 2.36 மீட்டர் நீளமும் 35 கிலோகிராம் எடையும் கொண்ட இது சிறுவர்களுக்கானது. லேசர் படகைக் கனடாவின் புரூஸ் கிர்பி வடிவமைத்தார். 4.23 மீட்டர் நீளமுள்ள இதை ஒருவரே செலுத்துவார். இது 1996 முதல் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்று வருகிறது. சிறிய பாயைக் கொண்ட லேசர் ரேடியல் 2008 இல் பெண்களுக்கான போட்டியாகச் சேர்க்கப்பட்டது. இவை தற்போது முறையே ஐஎல்சிஏ 7, ஐஎல்சிஏ 6 என அழைக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில்

சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 இல் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆவார். 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் லேசர் ரேடியல் பிரிவில் இவர் பங்கேற்றார். அதே போட்டிகளில் சென்னையைச் சேர்ந்த கே. சி. கணபதியும் வருண் தக்கரும் இருவர் செலுத்தும் படகுப் பிரிவில் பங்கேற்றனர்.