பிள்ளையோடு வந்தது யார்?

தைப்பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் போடும் மேடைக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், நடனம் தொடங்கும் முன்பே அங்கே ஒரு நாடகம் நடந்துகொண்டிருக்கும். ஏழெட்டு வயதுச் சிறுமிகள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். சவுரி வைத்துப் பின்னுகிற இழுப்பில் ஒருத்திக்குக் கண் கலங்கும். இன்னொருத்தி பாத்ரூம் போக வேண்டும் என்பாள். ஒட்டியாணம் வரைக்கும் கட்டி முடித்தாயிற்றே! “ஆடி முடிச்சிட்டுப் போலாம்டா, கண்ணு” என்பார் அம்மா. ஆசிரியருக்கும் அதுதான் சரியென்று படும். ‘வரிசை மாறினால் மாறட்டும், பிள்ளை முதலில் போய் வரட்டும்’ என்று சொல்ல அங்கே மூன்றாவது ஆள் இல்லை.

இங்கிலாந்தில் அந்த மூன்றாவது ஆளுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, உரிமமும் உண்டு. 1968ஆம் ஆண்டு விதிகளில் அவருக்குப் பெயர் ‘மேட்ரன்’. 2014இல் வந்த புதிய விதிகளில் ‘ஷாப்பரோன்’. உள்ளூராட்சி மன்றம் குற்றப் பதிவைச் சரிபார்த்து, நேர்காணல் நடத்தி அவரை ஏற்கிறது. ஒருவர் பொறுப்பில் 12 பிள்ளைகளுக்கு மேல் விடக் கூடாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்குக் குறுக்கே நிற்கும் வேறு எந்த வேலையையும் அவர் செய்யக் கூடாது. ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளை அரங்கில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது போன்ற கணக்குகளைக் கடிகாரம் பார்த்துக் காப்பதும் அவர்தான். சொந்தப் பிள்ளையோடு வரும் பெற்றோருக்கு மட்டும் உரிமம் தேவையில்லை.

இந்த ஏற்பாடு கருணையால் ஒரே நாளில் வந்துவிடவில்லை. விக்டோரியா காலத்து லண்டனில் கிறிஸ்துமஸ் பாண்டமைம்களுக்குச் சிறு பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக மேடையேற்றினார்கள். 1889ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழானவர்களைத் தடுத்தது. ஏழு முதல் பத்து வயது வரை அனுமதி வாங்கச் சொன்னது. அதற்கும் எதிர்ப்பு இருந்தது. ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோலே பிள்ளைகள் மேடையில் நடிப்பதை ஆதரித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

தமிழ் மேடைக்கு வேறு ஒரு வரலாறு. 1918இல் மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த டி.கே.சண்முகத்துக்கு வயது ஆறு. அது, சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளின் பொற்காலம். எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வீட்டு வறுமையால். சாப்பாடு, துணிமணி, பாட்டு, வசனம் எல்லாம் கம்பெனி வீட்டிலேயே கிடைத்தன. அடியும் அங்கேயேதான். பாடம் சொன்ன வாத்தியாரே பாதுகாவலர். பையன் மேடையேறாவிட்டால் நஷ்டப்படப்போகிற இடமும் அதே கம்பெனி. மகரக்கட்டு உடைந்து குரல் கரகரத்துப்போன ராஜபார்ட் பையனின் நிலைமை என்ன ஆகும் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

சண்முகத்தின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகர்தான். மகன்களோடு அவரும் அதே சபையில் இருந்தார். துணைக்குத் தகப்பன் வந்தார் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தத் துணைக்கும் சோறு போட்டது கம்பெனிதான். ‘இன்றைக்குப் பையனுக்குக் காய்ச்சல், நாடகம் வேண்டாம்’ என்று சொல்லும் வலு அப்படிப்பட்ட ஒரு தகப்பனுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? இந்தக் கட்டுரை சுற்றிச் சுற்றி வருவது இந்தக் கேள்வியைத்தான்.

கப்பலேறி வந்த நாடகக் குழுக்களைச் சிங்கப்பூரும் பார்த்தது. 1923இல் ஜாலான் புசார் பக்கம் திறந்த ‘நியூ வேர்ல்டு’ கேளிக்கைப் பூங்காவில் மலாய் பங்சாவானும் சீன நாடகமும் வேலிக்கு வேலி நடந்தன. அந்த ஊருக்கு 1949இல் சிறுவர், இளையர் சட்டம் வந்தது. 1933ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தின் பெயரே இதற்கும். இன்றைய வடிவத்தில் பொதுக் கேளிக்கை பற்றி அது சொல்வது சுருக்கம்: ஒழுக்கக்கேடான நிகழ்ச்சியில் பிள்ளை பங்கேற்கக் கூடாது, உயிருக்கோ உடல்நலத்துக்கோ கேடு தருவதில் கூடாது, சம்மதம் இல்லாமல் கூடாது. பெற்றோர் சம்மதித்தால் அந்த மூன்றாவது நிபந்தனை தீர்ந்தது. பெயர் கப்பலேறி வந்தது, மேட்ரன் வரவில்லை.

அதே 1949இல்தான் சிஃபாஸ் என்று எல்லோரும் சொல்லும் இந்திய நுண்கலைக் கழகமும் பிறந்தது. 1952இல் கே.பி.பாஸ்கரின் நடனப் பள்ளி. அவரும் சாந்தா பாஸ்கரும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஆட வைத்தார்கள். 1977இல் சத்தியலிங்கம், நீலா சத்தியலிங்கம் தம்பதியின் ‘அப்சராஸ் ஆர்ட்ஸ்’. இங்கே கணக்கு தலைகீழானது. பாய்ஸ் கம்பெனியில் பிள்ளைக்குக் கம்பெனி செலவழித்தது. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்து நடன வகுப்பில் பெற்றோர் செலவழிக்கிறார்கள். வகுப்புக் கட்டணம், உடை, நகை செட், அரங்கேற்றம் என்று பணம் வீட்டிலிருந்துதான் போகிறது. ஆகவே மேடையில் ஆடும் பிள்ளை யாருடைய வேலையாளும் அல்ல. 13 வயது நிரம்பிய பிள்ளை நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு தர வேண்டும், இரவு 11 மணிக்கு மேல் கூடாது என்று மனிதவள அமைச்சின் விதிகள் இருக்கின்றன. வேலை வாங்கும் முதலாளிக்கு அவை பொருந்தும். அரங்கேற்ற ஒத்திகைக்கு முதலாளி யார்?

பிள்ளைக்குத் துணையாக நிற்கும் இடத்தை நிரப்பியவர்கள் அம்மாக்கள். டிபன் டப்பா, சேஃப்டி பின், சலங்கைப் பை, தைலம், வீட்டுப்பாட நோட்டு எல்லாம் அவர்கள் தோளில் தொங்கும். இவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. இவர்கள் இல்லாமல் இந்த ஊரில் பரதநாட்டியமே இல்லை. ஆனால் மகள் ஆடியே தீர வேண்டும் என்ற ஆசையும் அதே தோளில்தான் தொங்குகிறது.

சம்பளம் வாங்கி நடிக்கும் பிள்ளைகளுக்கு இந்தியா பின்னாளில் ஒரு வழி கண்டது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 2017 விதிகளின்படி நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் படப்பிடிப்பு கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஐந்துக்கு ஒன்று, இங்கிலாந்தின் பன்னிரண்டுக்கு ஒன்றைவிடக் கண்டிப்பான கணக்கு. ஆனால் அந்தப் பொறுப்பாளரை அமர்த்த வேண்டியவரே தயாரிப்பாளர்தான் என்னும்போது பாய்ஸ் கம்பெனி வாத்தியார் லேசாக நினைவுக்கு வருகிறார்.

சிங்கப்பூரில் உரிமம் இல்லாமலே அந்த மூன்றாவது ஆளுக்கு மிக நெருக்கமாக நிற்பவர் வேறோர் இடத்தில் இருக்கிறார். பள்ளிகளில் இந்திய நடனம் இணைப்பாட நடவடிக்கையாக நடக்கிறது. ஆட்டம் சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து பயிற்றுநர் வருவார். பொறுப்புக்குப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவர் கணக்கு டீச்சராக இருக்கலாம், சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம், அடவு ஒன்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். இளையர் விழாவுக்குப் போகும் பேருந்தில் சம்மதப் படிவங்கள் அவர் கையில்தான். பயிற்றுநர் இன்னொரு தடவை தில்லானாவைப் பார்த்துவிடலாம் என்கிறபோது, அவர் கைக்கடிகாரத்தைக் காட்டி, பிள்ளைகள் சாப்பிடவில்லை என்கிறார்.

பயிற்றுநருக்கு முகம் சுண்டுகிறது. பிள்ளைகள் அதற்குள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவிடுகிறார்கள், உடையில் சம்பல் சிந்தாமல் இருக்க மடியில் டிஷ்யூ விரித்துக்கொண்டு.